கேசட்டில் விழுந்த எதிரொலி

1982 செப்டம்பர் 30 அன்று கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட ‘நெப்ராஸ்கா’ இசைத்தட்டில் பத்துப் பாடல்கள் இருக்கின்றன. எழுதியவர், பாடியவர், வாசித்தவர் எல்லாம் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் ஒருவரே. நியூ ஜெர்ஸி மாநிலத்தில் கோல்ட்ஸ் நெக் என்ற ஊரில் அவர் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் படுக்கையறைதான் ஒலிப்பதிவுக்கூடம். பாடல்களில் ஒன்றைத் தவிர மற்றவை 1981 டிசம்பர் நடுவிலிருந்து 1982 ஜனவரி 3 வரையிலான நாட்களில் அங்கே பதிவாயின. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த அவருடைய ‘தி ரிவர்’ அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்திருந்தது. பெரிய அரங்குகளை நிரப்பும் வாத்தியக் குழுவோடு மூன்று மணி நேரம் ஆடிப் பாடுகிறவர் என்றுதான் ஊர் அவரை அறிந்திருந்தது. அப்படிப்பட்டவரிடமிருந்து ஒரு கிதார், ஒரு மவுத் ஆர்கன், இருட்டில் பேசுவது போன்ற ஒரு குரல் மட்டும் வந்து சேர்ந்தபோது கேட்டவர்கள் திகைத்ததில் வியப்பில்லை.

அந்தத் திகைப்பிலிருந்து பிறந்த கருத்து ஒன்று நாற்பது ஆண்டுகளாக நின்று நிலைத்துவிட்டது. ஒரு மனிதன் தனி அறையில் மலிவான கருவியின் முன் உட்கார்ந்து மனத்தில் இருந்ததைக் கொட்டினான். நடுவில் தயாரிப்பாளரும் இல்லை, பூச்சும் இல்லை. அதனால்தான் அது உண்மை என்கிறது அக்கருத்து. ஸ்டூடியோ என்பது ஒப்பனை அறை, வீடு என்பது வெறும் முகம். வெளியிடும் எண்ணமே இல்லாத மாதிரிப் பதிவு தற்செயலாக ஆல்பமானது அந்த உண்மைக்கு முத்திரை. இன்றைக்கு மடிக்கணினியோடு அறைக்குள் உட்காரும் ஒவ்வோர் இளம் பாடகருக்கும் இதுவே வேதமாகச் சொல்லித் தரப்படுகிறது. கருவி எளிதாக இருந்தால் பாட்டு நேர்மையாகிவிடும் என்பது இதன் உட்பொருள்.

இந்தக் கருத்து கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ‘நெப்ராஸ்கா’வின் ஒலியையும் சொல்லையும், அது இசைத்தட்டாக மாறிய விதத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் அது எதிலும் நிற்பதில்லை.

முதலில் கருவி. டியாக் நிறுவனம் டாஸ்காம் என்ற பெயரில் 1979-இல் சந்தைக்குக் கொண்டுவந்த போர்ட்டாஸ்டூடியோ 144, சாதாரண கேசட்டிலேயே நான்கு தடங்களைத் தனித்தனியாகப் பதியக்கூடிய முதல் இயந்திரம். வீடுகளில் இருந்த டேப் ரெக்கார்டர் கேசட்டின் ஒரு பக்கத்துக்கு இரண்டு தடம் என்று பதியும். திருப்பிப் போட்டால் மறுபக்கத்துக்கு இன்னும் இரண்டு. போர்ட்டாஸ்டூடியோ அந்த நான்கையும் ஒரே திசையில் பயன்படுத்தியது. நாடாவையும் இரட்டிப்பு வேகத்தில், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 9.5 சென்டிமீட்டராக ஓட்டியது. நாடா வேகமாக ஓடினால் ஒலி தெளிவாகப் பதியும். இரைச்சலைக் குறைக்கும் டிபிஎக்ஸ் சுற்றும் உள்ளேயே இருந்தது. ஒரு தடத்தைக் கேட்டுக்கொண்டே இன்னொன்றில் பாடலாம். சுருங்கச் சொன்னால் அது ஸ்டூடியோவுக்கு மாற்றாக வந்த கருவி அன்று. ஸ்டூடியோவின் வேலைமுறையைச் சுருக்கி மேசைமேல் வைத்த கருவி. பெயரிலேயே ஸ்டூடியோ இருக்கிறது. அதை வாங்கி வந்து, ஷூர் எஸ்எம்57 மைக்குகள் இரண்டைப் பொருத்தி, இயக்கியவர் ஸ்பிரிங்ஸ்டீனின் கிதார்களைப் பராமரித்துவந்த மைக் பாட்லன். ஒலிப்பதிவு செய்தவர் என்று இசைத்தட்டின் உறையிலேயே அவர் பெயர் இருக்கிறது. தனி அறை, தனி மனிதன் என்ற சித்திரத்தில் முதலில் காணாமல் போகிறவர் இவர்தான். ‘தனியாக’ என்று சொல்லும்போது கருவியை இயக்குகிறவரைக் கணக்கில் சேர்க்காத பழக்கம் கலை வரலாற்றில் பழையது.

நான்கு தடம் என்பதே எளிமைக்குச் சான்று என்பார்கள். பீட்டில்ஸ் 1967-இல் வெளியிட்ட ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’ ஆல்பமும் நான்கு தட இயந்திரங்களில் பதிவானதுதான். ராக் இசையிலேயே மிகவும் அலங்காரமான ஆல்பம் என்று பெயரெடுத்தது அது. தடங்களின் எண்ணிக்கை எளிமையையும் தருவதில்லை, ஆடம்பரத்தையும் தருவதில்லை. அது தருவது ஒரு கட்டாயத்தை: எதை வைப்பது, எதை விடுவது என்று அங்கேயே தீர்மானித்தாக வேண்டும். கோல்ட்ஸ் நெக் அறையில் குரலும் கிதாரும் இரண்டு தடங்களில் அமர்ந்தன. மிச்சம் இரண்டு தடங்களில் இரண்டாவது குரல், மாண்டலின், குளோக்கன்ஸ்பீல் என்ற மணித்தகடு, டாம்பரின் என்று எது தேவையோ அது வந்து சேர்ந்தது. ‘ஓப்பன் ஆல் நைட்’ பாடலில் ஒலிப்பது மின்கிதார். தன் குரலுக்குத் தானே துணைக்குரல் பாடும் மனிதரைப் பல பாடல்களில் கேட்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு வாயால் பாட எவராலும் முடியாது என்பதால், ‘உள்ளதை உள்ளபடி பதிந்தது’ என்ற பேச்சு அந்த இடத்திலேயே அடிபட்டுப்போகிறது.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது எதிரொலி. ‘நெப்ராஸ்கா’வைக் கேட்ட எவரும் முதலில் நினைவுகூர்வது அந்தக் குரலைச் சுற்றி நிற்கும் வெறுமையைத்தான். ஆளரவமற்ற நெடுஞ்சாலை, வெற்று மாளிகை, பனிக்கால வெளி என்று விமர்சகர்கள் விதவிதமாக வருணிப்பது அதையே. வீட்டில் பாடியதால் அந்தத் தனிமை ஒலியிலேயே ஏறிவிட்டது என்பது பொதுவான விளக்கம். ஆனால் அந்தப் படுக்கையறையின் தரை முழுதும் தடித்த ஆரஞ்சு நிறக் கம்பளம். கம்பளமும் மெத்தையும் உள்ள அறையில் ஒலி எங்கும் மோதித் திரும்பாது. பாடியது அங்கேயே அமுங்கிவிடும். அந்த அறைக்கென்று ஓர் ஒலி இருந்திருந்தால் அது அடைத்த ஒலி. கேட்கிறவர் அனுபவிக்கும் வெளி முழுதும் எக்கோபிளெக்ஸ் என்ற கருவி உண்டாக்கியது. குரலை ஒரு நாடாச் சுற்றில் பதித்து, நொடியின் சிறு பின்னத்துக்குப் பிறகு திருப்பித் தரும் பெட்டி அது. தடங்களை ஒன்றாக்கும்போது அந்தப் பெட்டி வழியாக ஒலியைச் செலுத்தினார்கள்.

அந்த எதிரொலிக்கு ஒரு பூர்விகமும் உண்டு. மெம்ஃபிஸ் நகரின் சன் ஸ்டூடியோவில் சாம் ஃபிலிப்ஸ் 1954-இல் எல்விஸ் பிரெஸ்லியைப் பதிந்தபோது, டேப் இயந்திரங்களுக்கு இடையே ஏற்படும் தாமதத்தைக் கொண்டு இதே விளைவை உண்டாக்கினார். ராக் அண்ட் ரோல் வரலாற்றில் ஸ்டூடியோ செய்த தந்திரங்களிலேயே புகழ்பெற்றது அதுதான். அந்தக் கால இசைத்தட்டுகளில் ஊறி வளர்ந்தவர் ஸ்பிரிங்ஸ்டீன். ஆக, ஸ்டூடியோவைத் துறந்த ஆல்பம் என்று கொண்டாடப்படும் ஒன்றின் உயிர்நாடி, ஒரு ஸ்டூடியோவின் தலைசிறந்த செயற்கை. இதைச் சொல்வது ஆல்பத்தைக் குறைப்பதாகாது. தனிமை எப்படி ஒலிக்க வேண்டும் என்று ஒருவர் யோசித்து, அதற்குரிய பழைய ஒலியைத் தேடி எடுத்திருக்கிறார் என்பதே இதன் பொருள். கொட்டியது என்ற சொல் இங்கே பொருந்தாது. செய்தது என்பதே பொருந்தும்.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு சான்று உண்டு. இங்கிலாந்தின் நிக் டிரேக் 1972-இல் வெளியிட்ட ‘பிங்க் மூன்’ ஆல்பத்தைவிட வெறுமையான நாட்டார்ச் சாயல் கொண்ட தனிப்பதிவைக் காண்பது அரிது. ஒரு குரல், ஒரு கிதார், தலைப்புப் பாடலில் மட்டும் சில பியானோ ஒலிகள். மொத்தம் 28 நிமிடம். ஆனால் அது லண்டனில் சவுண்ட் டெக்னிக்ஸ் என்ற முறையான ஸ்டூடியோவில், ஜான் வுட் என்ற கைதேர்ந்த பொறியாளரின் முன்னிலையில், 1971 அக்டோபரில் இரண்டே இரவுகளில் பதிவானது. இன்னொரு பக்கம், ஜஸ்டின் வெர்னான் ‘பான் ஈவேர்’ என்ற பெயரில் செய்த ‘ஃபார் எம்மா, ஃபாரெவர் அகோ’. விஸ்கான்சின் மாநிலத்தில் தந்தையின் வேட்டைக் குடிலில் 2006-07 குளிர்காலத்தைத் தனியாகக் கழித்தபோது பிறந்தது என்ற கதை அந்த ஆல்பத்தைவிடப் புகழ்பெற்றுவிட்டது. கேட்டுப் பார்த்தால் அது அடுக்கடுக்கான குரல்களின் மாளிகை. ஒரே மனிதரின் மேல்ஸ்தாயிக் குரல் தன்மேல் தானே படிந்து ஒரு சேர்ந்திசைக் குழுவாகிவிடுகிறது. ஊதுகருவி வாசிக்கப் பிறகு வேறு ஆட்களும் வந்தார்கள். ஸ்டூடியோவில் பிறந்தது மொட்டையாக இருக்கிறது, குடிலில் பிறந்தது நெய்து அலங்கரித்ததாக இருக்கிறது. வீடு என்றால் எளிமை என்ற சங்கிலியின் முதல் கண்ணியே பிடிமானமற்றது.

அடுத்து, மனத்தில் இருந்ததைக் கொட்டினார் என்ற வாதம். ஸ்பிரிங்ஸ்டீன் அந்த ஆண்டுகளில் மனச்சோர்வில் இருந்தார் என்பது உண்மை. 2016-இல் வெளியான தன் சுயசரிதையில் அவரே அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். இதைக் கையில் வைத்துக்கொண்டு பாடல்களை நாட்குறிப்பாகப் படிப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் அந்தப் பாடல்களில் ‘நான்’ என்று பேசுகிறவர்கள் யார்? முதல் பாடலில் மின்சார நாற்காலிக்குப் போகப்போகும் கொலைகாரன். ‘அட்லாண்டிக் சிட்டி’யில் கடனை அடைக்க வழியில்லாமல் குற்றக் கும்பலுக்கு ஒரு காரியம் செய்துகொடுக்கக் கிளம்புகிறவன். ‘ஹைவே பேட்ரோல்மேன்’ பாடலில் தம்பியைத் தப்பவிடும் ஜோ ராபர்ட்ஸ் என்ற போலீஸ்காரன். ஒருவருக்கு ஒரே சமயத்தில் இத்தனை வாழ்க்கை இருக்க முடியாது.

தமிழ் வாசகருக்கு இந்த வேறுபாட்டை நீட்டி விளக்கத் தேவையில்லை. அகப்பாடல் எதுவானாலும் அது யார் கூற்று என்ற கேள்வியிலிருந்துதான் நம் மரபு வாசிப்பைத் தொடங்குகிறது: தலைவி கூற்றா, தோழி கூற்றா, செவிலி கூற்றா. கபிலர் தோழியாகப் பேசினால் அதைக் கபிலரின் வாக்குமூலம் என்று எந்த உரையாசிரியரும் கொள்ளவில்லை. பாடுகிறவனும் பேசுகிறவனும் வேறு என்ற அந்தத் தெளிவு, தனிக்கிதார்ப் பாடகரைக் கேட்கும்போது மட்டும் ஏனோ காணாமல் போய்விடுகிறது.

அந்த முதல் பாடல் எப்படி உருவானது என்பது வாக்குமூலக் கோட்பாட்டுக்கு வலுவான மறுப்பு. நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரைச் சேர்ந்த சார்லஸ் ஸ்டார்க்வெதர் என்ற 19 வயது இளைஞன், 14 வயதுச் சிறுமி கேரில் ஆன் ஃப்யூகேட் உடனிருக்க, 1958 ஜனவரியில் சில நாட்களுக்குள் பத்துப் பேரைக் கொன்றான். அதற்கு முந்தைய மாதம் கொன்ற ஒருவரையும் சேர்த்தால் பதினொருவர். 1959 ஜூனில் மின்சார நாற்காலியில் அவனுக்கு மரண தண்டனை நிறைவேறியது. ஸ்பிரிங்ஸ்டீனுக்கு அப்போது ஒன்பது வயது. அவருடைய ஊருக்கும் லிங்கனுக்கும் இடையே பாதி அமெரிக்கா. இந்தக் கதையை அவர் அடைந்தது டெரன்ஸ் மாலிக் 1973-இல் எடுத்த ‘பேட்லாண்ட்ஸ்’ படத்தின் வழியாக. படத்தின் தொடக்கத்தில் பெண் வீட்டின் முன் கோலைச் சுழற்றிக்கொண்டு நிற்கிறாள். பாடலும் அதே காட்சியில்தான் தொடங்குகிறது. பிறகு அவர் அந்த வழக்கைப் பற்றிய நூல் ஒன்றைப் படித்தார். அதை எழுதியவர்களில் ஒருவரான ஒமாஹா தொலைக்காட்சிச் செய்தியாளர் நினெட் பீவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசவும் செய்தார். பாடலின் முடிவில் கொலைகாரன் தன் செயலுக்குச் சொல்லும் காரணத்தில் ஃபிளானரி ஓ’கானரின் சிறுகதைப் பாத்திரம் ஒன்றின் சாயலை வாசகர்கள் கண்டிருக்கிறார்கள். அந்த நாட்களில் அவருடைய கதைகளைத் தான் ஆழ்ந்து படித்ததைப் பாடகரே சொல்லியிருக்கிறார். ஒரு திரைப்படம், ஒரு புத்தகம், ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு சிறுகதைத் தொகுதி: ‘அறைக்குள் கொட்டிய’ பாட்டுக்குள் இத்தனை வெளியாட்கள்.

மற்றவையும் அப்படியே. ‘ஜானி 99’ வேலையிழந்து, குடித்து, ஒருவரைச் சுட்டுவிட்டு நீதிமன்றத்தில் நிற்கும் தொழிலாளியின் கதை. அது தொடங்கும் இடம், நியூ ஜெர்ஸியின் மாவா நகரில் 1980-இல் ஃபோர்டு நிறுவனம் மூடிய கார்த் தொழிற்சாலை. ‘அட்லாண்டிக் சிட்டி’ 1981 மார்ச்சில் ஃபிலடெல்ஃபியாவில் குண்டு வைத்துக் கொல்லப்பட்ட ஃபிலிப் டெஸ்டா என்ற குற்றக் கும்பல் தலைவரைப் பற்றிய செய்தியில் தொடங்குகிறது. சூதாட்ட விடுதிகள் 1978 முதல் திறக்கத் தொடங்கி, நிழலான பணம் புழங்கிய நகரத்தின் பாடல் அது. ஆல்பம் வெளியான ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் வேலையின்மை 10.8 விழுக்காட்டைத் தொட்டது. இவையெல்லாம் செய்தித்தாளைக் கவனமாக வாசிக்கிற எழுத்தாளரின் வேலை. சொந்தத் துக்கம் அவற்றுக்கு நிறம் கொடுத்திருக்கலாம். விவரம் கொடுத்தது துக்கமல்ல.

சிறுவயதை நேராகத் தொடும் மூன்று பாடல்கள் உண்டு என்பது சரி: ‘மேன்ஷன் ஆன் தி ஹில்’, ‘யூஸ்டு கார்ஸ்’, ‘மை ஃபாதர்ஸ் ஹவுஸ்’. இவற்றில் வாக்குமூலத்தின் வாடை கொஞ்சம் அடிக்கிறது. ஆனால் முதலாவதன் தலைப்பே ஹாங்க் வில்லியம்ஸின் 1940-களின் பாடல் ஒன்றிலிருந்து எடுத்தது. மூன்றாவது, மற்றப் பாடல்கள் கேசட்டில் ஏறிப் பல மாதங்கள் கழித்து, தொகுப்புக்கு அது தேவை என்று தோன்றிய பிறகு பதிந்து சேர்த்தது. கொட்டியவர் இப்படிப் பல மாதம் கழித்து வந்து ஓட்டையை அடைப்பதில்லை.

‘ஸ்டேட் ட்ரூப்பர்’ பாடலைத் தனியே குறிப்பிட வேண்டும். ஒரே கிதார் ஒலி விடாமல் துடிக்க, இறுதியில் ஓர் ஊளை கிழித்துக்கொண்டு வரும். ஆல்பத்திலேயே மிகவும் ஆதிமனிதத்தனமான, நாட்டுப்புறத்தின் அடியாழத்திலிருந்து வருவது போன்ற பாடல் என்று இது பாராட்டப்படுகிறது. அதன் மூலம் ‘சூசைட்’ என்ற நியூயார்க் இருவர் குழு 1977-இல் வெளியிட்ட ‘ஃபிராங்கி டியர்டிராப்’. மின் விசைப்பலகையும் தாள இயந்திரமும் மட்டுமே கொண்டு, பத்து நிமிடம் கேட்பவரை வதைக்கும் நகரத்துப் பாட்டு அது. தனக்கு அது பிடித்திருந்ததை ஸ்பிரிங்ஸ்டீன் பலமுறை சொல்லியிருக்கிறார். மரமும் கம்பியும் கொண்ட கிதாரில், இயந்திர இசையின் பாடத்தைப் படித்து ஒப்பித்திருக்கிறார். கிதார் இருந்தால் கிராமம், மின்சாரம் இருந்தால் நகரம் என்ற பாகுபாடு இங்கே என்ன ஆகிறது?

நாட்டார் இசையின் பெயரால் இந்த ஆல்பத்தைப் புனிதப்படுத்துகிறவர்கள் அந்த இசையின் பதிவு வரலாற்றையும் கொஞ்சம் பார்க்கலாம். தனிக்கிதாரும் மக்கள் குரலுமாக நிற்கும் வுடி கத்ரியின் ‘டஸ்ட் பௌல் பேலட்ஸ்’ 1940-இல் பதிவானது எந்தச் சாலையோரத்திலும் அன்று. ஆர்சிஏ விக்டர் என்ற பெருநிறுவனத்தின் கேம்டன் ஸ்டூடியோவில். அதுவும் நியூ ஜெர்ஸிதான். அதிலுள்ள ‘டாம் ஜோட்’, ஜான் ஃபோர்டின் படத்தைப் பார்த்துவிட்டு எழுதியது. படம் பார்த்துப் பாட்டெழுதும் பழக்கம் மாலிக்கின் ரசிகரோடு தொடங்கவில்லை. அதற்கும் முன்னால், ஜான் லோமாக்ஸும் மகன் ஆலனும் 1933-இல் 315 பவுண்டு எடையுள்ள பதிவு இயந்திரத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு தென்மாநிலச் சிறைகளில் ‘கலப்படமற்ற’ குரல்களைத் தேடிப் போனார்கள். லூசியானாவின் அங்கோலா சிறையில் கிடைத்த பாடகர் லெட்பெல்லி, உடை விஷயத்தில் மிகுந்த கவனமுள்ளவர். நன்கு தைத்த சூட் அணிவதில் விருப்பம் கொண்டவர். நகரத்து ரசிகர்கள் முன் அவர் நின்றதோ கைதியின் உடையிலும் பண்ணையாளின் உடையிலும். 1935-இல் ‘மார்ச் ஆஃப் டைம்’ செய்திப்படத்துக்காகத் தன் சிறைக்கதையைத் தானே நடித்துக்காட்டவும் வேண்டியிருந்தது. அசல் என்பதற்கு ஒரு வேஷம் தேவைப்பட்டது. அந்த வேஷத்தைத் தைத்தவர்கள் அசலைத் தேடிப் போனவர்களே. எளிமை உண்மையின் உடை என்று நம்புகிற ரசனை, பாடகர் சூட்டைக் கழற்ற வேண்டும் என்று கேட்பதில் போய் முடியும்.

இனி, தற்செயல் என்ற வாதம். இதில் பாதி உண்மை இருக்கிறது. ‘தி ரிவர்’ பதிவு மாதக்கணக்கில் இழுத்து, ஸ்டூடியோ செலவு எகிறியிருந்தது. பாடல்களை முன்கூட்டியே வீட்டில் சரிபார்த்துக்கொண்டால் நேரமும் பணமும் மிச்சம் என்ற கணக்கில்தான் போர்ட்டாஸ்டூடியோ வீட்டுக்கு வந்தது. பதிந்த தடங்களைக் கலந்து இறக்கியது, ஒருமுறை ஆற்றில் விழுந்து பிழைத்ததாகச் சொல்லப்படும் ஒரு பானசோனிக் டேப் ரெக்கார்டரில். அந்தக் கேசட்டை உறைகூட இல்லாமல் ஜீன்ஸ் பையில் போட்டுக்கொண்டு பாடகர் வாரக்கணக்கில் திரிந்தார். மேலாளரும் தயாரிப்பாளருமான ஜான் லாண்டாவுக்கு ஒவ்வொரு பாடலைப் பற்றியும் குறிப்பெழுதி அனுப்பினார். இதுவரை தற்செயல் என்றே கொள்ளலாம்.

அதன்பின் நடந்ததுதான் கதை. 1982 வசந்தத்தில் அவருடைய வாத்தியக் குழுவான இ ஸ்ட்ரீட் குழுவோடு நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஸ்டூடியோவில் அதே பாடல்களை வாசித்துப் பார்த்தார்கள். சில பாடல்கள் குழுவின் கையில் பற்றிக்கொண்டன. பிறகு ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ ஆல்பத்துக்குப் போனவை அவற்றில் உண்டு. மற்றவை கேசட்டில் இருந்த கனத்தை இழந்தன. கடைசியில் கேசட்டையே வெளியிடுவது என்று முடிவானது. இது தற்செயல் என்றால், பல மாதம் மாற்று வழிகளைச் செய்து பார்த்து, ஒப்பிட்டு, நிராகரித்து எடுக்கும் முடிவுகளுக்கு வேறு பெயர் தேட வேண்டியிருக்கும். அந்தக் குழுப் பதிவுகள் 2025-இல் விரிவான தொகுப்பாக வெளிவந்துவிட்டன. இருந்தனவா இல்லையா என்று ரசிகர்கள் பட்டிமன்றம் நடத்திய காலம் முடிந்தது.

குழு வாசித்தது ஏன் எடுபடவில்லை? ஸ்டூடியோ பொய் சொல்லும் என்பதாலா? காரணம் அதைவிடச் சாதாரணமானது. இந்தப் பாடல்களில் பெரும்பாலானவை கதைசொல்லல். ஒரு வரியை இழுத்து, அடுத்த வரியை முந்திச் சொல்லி, நடுவில் மூச்சுக்கு நின்று போகிறவை. தனியாகப் பாடும்போது கிதார் அந்த இழுப்புக்கெல்லாம் வளைந்துகொடுக்கும். டிரம்ஸ் வந்தவுடன் காலம் கட்டங்களாகப் பிரிந்துவிடும். பேச்சு அந்தக் கட்டங்களுக்குள் பொருந்திக்கொள்ள வேண்டிவரும். போலீஸ்காரன் தன் தம்பியைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொல்வதைத் தாளத்துக்குள் அடைத்தால் தயக்கம் போய்விடும். இது இசைக் காரணம், அறநெறிக் காரணமல்ல.

அதே கேசட்டில் ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ பாடலின் தனிவடிவமும் இருந்தது. 1998-இல் ‘ட்ராக்ஸ்’ தொகுப்பில் அது வெளியானபோது, இதுதான் அசல், இதை இப்படியே விட்டிருந்தால் எவரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்க மாட்டார்கள் என்று பலர் எழுதினார்கள். குழுவோடு பாடிய வடிவத்தின் ஆர்ப்பாட்டத்தில் வியட்நாம் போரிலிருந்து திரும்பியவனின் துயரம் மூழ்கிவிட்டது என்பது அவர்கள் குறை. ஆனால் ஒரே அறை, ஒரே கருவி, ஒரே மனிதர், ஒரே தனிமை. அதில் பிறந்ததெல்லாம் உண்மை என்றால் அந்தப் பாடலை ‘நெப்ராஸ்கா’வில் சேர்க்காமல் விட்டது ஏன்? அந்த வடிவம் இன்னும் தன் உருவத்தை அடையவில்லை என்று அவர் கருதியிருக்க வேண்டும். அதற்கு உருவம் கிடைத்தது டிரம்ஸின் அடியிலும் ஸிந்தசைஸரின் முழக்கத்திலும். சுமார் பதினைந்து பாடல்கள் கொண்ட கேசட்டிலிருந்து ஒன்பதை எடுத்து, ஒன்றைப் புதிதாகச் சேர்த்து, வரிசைப்படுத்தியதில் இருக்கிறது ஆல்பம். சல்லடை இல்லாமல் அது இல்லை.

கேசட்டை இசைத்தட்டாக்குவது பிறகு பெரும்பாடானது. கவனக்குறைவாகப் பதிந்து, ஆற்றில் குளித்த டேப் ரெக்கார்டரில் கலந்து, பையில் கிடந்து தேய்ந்த நாடாவின் ஒலியை இசைத்தட்டின் பள்ளமாக வெட்டினால் ஊசி அதில் சரியாக ஓடவில்லை. பொறியாளர் டோபி ஸ்காட்டும் சக் ப்ளாட்கினும் ஒரு மாஸ்டரிங் கூடத்திலிருந்து இன்னொன்றுக்கு அலைந்தார்கள். தொழிலில் பெயர்பெற்றவர்கள் முயன்று கைவிட்டதை, அட்லாண்டிக் ஸ்டூடியோவின் டென்னிஸ் கிங் கடைசியில் வெட்டிக்கொடுத்தார். அதுவும் முடியாமல் போனால் கேசட்டாக மட்டுமே வெளியிடலாம் என்றுகூடப் பேச்சிருந்தது. உலகம் கேட்டது படுக்கையறையை அன்று. படுக்கையறையின் ஒலி கெடாமல் இருக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் மெனக்கெட்ட தொழில்நுட்பக்காரர்களின் கைவண்ணத்தை. எவர் கையும் படாதது போல் தோன்றச் செய்வதும் கைவேலைதான். அதற்கு ஸ்டூடியோவுக்கு ஆன செலவு குறைவு, திறமைக்கு ஆன செலவு அதிகம்.

எவரும் செய்யலாம் என்ற ஊக்கப்பேச்சு இங்கேதான் மிகவும் இடறுகிறது. பெயர் தெரியாத ஒரு பாடகர் அதே கேசட்டை அதே ஆண்டில் கொலம்பியாவுக்கு அனுப்பியிருந்தால், அதைப் பள்ளமாக வெட்ட ஒரு கூடத்துக்குக்கூட எவரும் நடந்திருக்க மாட்டார்கள். நிறுவனம் பொறுத்துக்கொண்டது, முந்தைய ஆல்பம் முதலிடம் பிடித்தவர் என்பதால். பேட்டியோ சுற்றுப்பயணமோ இல்லாமல், ‘அட்லாண்டிக் சிட்டி’க்கான காணொளியில் பாடகரின் முகம்கூட இல்லாமல், இந்த ஆல்பம் பட்டியலில் மூன்றாம் இடம் வரை போனது அந்தப் பெயரின் பலத்தால். மலிவான கருவி கதவைத் திறக்கவில்லை. கதவு முன்பே திறந்திருந்தது. வீட்டுப் பதிவுக் கருவிகள் பின்னாளில் பலருக்கு வாய்ப்புத் தந்தன என்பதை மறுக்க வேண்டியதில்லை. அந்த வாய்ப்பின் சான்றாக ‘நெப்ராஸ்கா’வைக் காட்டுவதுதான் பொருந்தாது.

வழக்கமான கருத்தில் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்று மிஞ்சுகிறது. வெளியிடப்போவதாக நினைக்காமல் பாடியதால் அந்தக் குரலில் ஒரு கூச்சமின்மை இருக்கிறது. ஸ்டூடியோவில் மீண்டும் முயன்றபோது அது திரும்பி வரவில்லை. இது உண்மை, முக்கியமானதும்கூட. ஆனால் அது பாடும் முறையின் குணம். கேட்பவர் இல்லை என்ற நினைப்பில் குரலைத் தாழ்த்திப் பாடுவது நடிகர் ஒருவர் தனிமொழி பேசுவதற்கு நெருக்கமானது. பேசப்படும் சொல் உண்மையா என்பதற்கு அது உத்தரவாதமல்ல. கொலைகாரனின் சொற்களை ஒருவர் கூச்சமின்றிப் பாடுகிறார் என்றால், அவர் நன்றாகப் பாடுகிறார் என்றுதான் பொருள்.

இந்தப் பாடல்கள் தனி அறையைவிட்டு வெளியே வந்தால் வாடிவிடுமா என்பதற்கும் விடை கிடைத்துவிட்டது. ‘ஹைவே பேட்ரோல்மேன்’ பாடலின் அண்ணன் தம்பி கதையை விரித்து ஷான் பென் 1991-இல் ‘தி இந்தியன் ரன்னர்’ படத்தை எடுத்தார். அதற்கும் முன், ஆல்பம் வந்த மறு ஆண்டே, ஜானி காஷ் அதே பாடலையும் ‘ஜானி 99’ பாடலையும் ஸ்டூடியோவில் வாத்தியக்காரர்களோடு பாடிப் பதிந்து, இரண்டாவதன் பெயரையே தன் ஆல்பத்துக்கும் வைத்தார். காஷ் 1955-இல் வெளியான தன் முதல் இசைத்தட்டைப் பதிந்தது மெம்ஃபிஸில், சாம் ஃபிலிப்ஸின் அந்தச் சன் ஸ்டூடியோவில்தான்.